பாயின்ட் கழியவில்லையா? பண்டிகை ஆஃபரில் பில் கவுன்டரில் நிற்பவர்களுக்கு

திருச்சியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் உதவி மேசையில் உட்கார்ந்து ஏழு தீபாவளி பார்த்துவிட்டேன். மற்ற நாட்களில் பாயின்ட்டைப் பற்றி யாருக்கும் நினைப்பே இருக்காது. "இந்த மூன்று நாள் மட்டும் உங்கள் பாயின்ட்டுக்கு இருமடங்கு மதிப்பு" என்று வாசலில் பேனர் கட்டியதும், வருடம் முழுக்கச் சேர்ந்த பாயின்ட் எல்லாம் ஒரே மாலையில் கவுன்டருக்கு வந்து நிற்கும். கூடவே எல்லாக் கோளாறும் வரும். திரும்பத் திரும்பச் சரிசெய்ததை இங்கே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு நேர்ந்ததை மட்டும் தேடிப் படித்தால் போதும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம்: நூறு ரூபாய்க்கு வாங்கினால் ஒரு பாயின்ட், ஒரு பாயின்ட்டுக்கு ஒரு ரூபாய், ஆஃபர் நாளில் இரண்டு ரூபாய். உங்கள் கடையில் இந்த எண்கள் வேறாக இருக்கும். கோளாறுகள் அதேதான்.

## எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் இது

பணம் கட்டுவதற்கு முன்னால் பேசுங்கள். முதல் பொருள் ஸ்கேன் ஆகும்போதே மொபைல் நம்பரைச் சொல்லி, "பாயின்ட் கழிக்கணும்" என்றும் சொல்லிவிடுங்கள். யுபிஐயில் பணம் போய் பில் அச்சாகிவிட்டால் கதை வேறு. முடிந்த பில்லுக்குள் பாயின்ட்டை நுழைக்க வழியில்லை. மொத்த பில்லையும் ரிட்டர்ன் போட்டு, சாமான் எல்லாவற்றையும் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். பின்னால் இருபது பேர் தள்ளுவண்டியோடு நிற்கும்போது எந்தக் கேஷியரும் அதைச் செய்ய மாட்டார். அவரைக் கோபித்துப் பயனில்லை, சூப்பர்வைசரின் சாவி இல்லாமல் அவரால் ரிட்டர்ன் போடவே முடியாது.

பில்லை ஹோல்டில் போடச் சொல்லலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. ஸ்கேன் செய்த பில்லை அப்படியே நிறுத்திவைத்து, அடுத்தவருக்குப் பில் போட்டுவிட்டு, மறுபடி உங்களுடையதை எடுக்க முடியும். "அண்ணா, ஹோல்டுல போடுங்க, பாத்துட்டு வர்றேன்" என்றால் போதும்.

## "இந்த நம்பரில் கணக்கே இல்லை" என்கிறது திரை

நம்பர் தவறாகக் கேட்டிருக்கலாம். பண்டிகைக் கூட்டத்தின் இரைச்சலில் ஐந்தும் ஒன்பதும் குழம்பும். வாயால் சொல்லாமல் எழுதிக் காட்டுங்கள், அல்லது கவுன்டரில் உங்கள் பக்கம் இருக்கும் சின்னத் திரையைப் பாருங்கள்.

வேறு நம்பரில் சேர்ந்திருக்கலாம். நான் பார்த்தவரை அடிக்கடி நடப்பது இதுதான். வீட்டில் யார் முதன்முதலில் கடைக்கு வந்தார்களோ அவர்கள் நம்பரில்தான் கணக்கு இருக்கும். வீட்டுக்காரர், மகள், மாமியார் என்று எல்லா நம்பரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதைவிடச் சுலபம், வீட்டில் பழைய பில் ஒன்று இருந்தால் அதன் அடியில் கடைசி நான்கு இலக்கம் இருக்கும்.

கடை தன் பாயின்ட் திட்டத்தை மாற்றியிருக்கலாம். பிளாஸ்டிக் அட்டை போய் ஆப் வந்த கடைகளில், பழைய அட்டையின் பாயின்ட் தானாக ஆப்புக்கு வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். அட்டை எண்ணை ஆப்பில் ஒருமுறை இணைக்க வேண்டியிருக்கும். அட்டை கையில் இருந்தால் உதவி மேசையில் ஐந்து நிமிட வேலை. தொலைந்திருந்தால் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதித்தான் ஆக வேண்டும், அன்றைய ஆஃபருக்குள் முடியாது.

நம்பரே கைமாறியிருக்கலாம். பல மாதம் பயன்படுத்தாமல் விட்ட ப்ரீபெய்டு எண் ரத்தாகும். ரத்தாகி 90 நாள் கழிந்தபின் அதே எண்ணை வேறொருவருக்கு ஒதுக்கலாம். அவர் அந்த நம்பரைக் கொண்டு நம் கடையிலேயே புதுக் கணக்கு தொடங்கியிருந்தால், திரையில் யாரோ ஒருவர் பெயர் வரும். இங்கே கவுன்டரில் எதுவும் செய்ய முடியாது. அடையாளச் சான்றும் பழைய பில்களும் கொண்டு தலைமை அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

## பாயின்ட் இருக்கிறது, ஓடிபி வரவில்லை

தீபாவளிக்கு முந்தின நாள் மாலை என் மேசைக்கு வரும் கூட்டத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் வரும். பாயின்ட் கழிக்கும்போது பதிவான மொபைலுக்கு நான்கு அல்லது ஆறு இலக்க எண் வரும், அதைக் கேஷியர் அடித்தால்தான் கழியும்.

மறுபடி மறுபடி அனுப்பச் சொல்வதுதான் பெரிய தப்பு. கேஷியர் மூன்று முறை அழுத்தினால் மூன்று ஓடிபி கிளம்பும். நெரிசலில் முதலாவது தாமதமாக வந்து சேரும், அதைச் சொல்வீர்கள், "தவறான ஓடிபி" என்று வரும். கடைசியாக அனுப்பியது மட்டும்தான் செல்லும். மூன்று தடவை தப்பாக அடித்தால் கணக்கைச் சற்று நேரத்துக்குப் பூட்டிவிடும் முறையும் உண்டு. எனவே ஒரு முறை அழுத்திவிட்டு இரண்டு நிமிடம் காத்திருங்கள். வராவிட்டால் பில்லை ஹோல்டில் போடச் சொல்லிவிட்டுக் கீழே உள்ளதை வரிசையாகப் பாருங்கள்.

சிக்னல் இருக்கிறதா? அடித்தளத்தில் பில் போடும் கடைகளில் வாசல் வரை நடந்துபோனால் மெசேஜ் வரிசையாக வந்து விழும். ஏர்பிளேன் மோடை ஒரு தடவை போட்டு எடுத்தாலும் சில சமயம் வரும்.

இன்பாக்ஸ் நிறைந்திருக்கிறதா? பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இதுதான் காரணமாக இருக்கும். திரையின் மூலையில் கடித உறை ஒன்று மின்னிக்கொண்டே இருக்கும். பழைய மெசேஜ் பத்தை அழித்தால் உடனே வரும். ஸ்மார்ட்போன் என்றால் ஸ்பேம் பகுதியைத் திறந்து பாருங்கள்.

ரீசார்ஜ் முடிந்து நாளாகிவிட்டதா? இரண்டாவது சிம்மை "பேசமட்டும்தானே" என்று ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருப்பார்கள். உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸும் நின்றுபோயிருக்கும்.

சிம் புதிதாக மாற்றினீர்களா? தொலைந்த சிம்முக்குப் பதில் சிம் வாங்கினாலும், பழையதைக் கொடுத்து மேம்பட்ட சிம் வாங்கினாலும், முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகவும் போகாது. மோசடியைத் தடுக்க அரசு வைத்த விதி அது. கடையில் யாரைத் திட்டினாலும் மாறாது, மறுநாள் வாருங்கள்.

"டிஎன்டி போட்டிருக்கேன், அதனாலதான் வரல" என்று சொல்பவர்கள் நிறைய. அது காரணமில்லை. தொந்தரவு வேண்டாம் பட்டியல் விளம்பரத்தைத்தான் தடுக்கும், ஓடிபியைத் தடுக்காது. டிஎன்டியை எடுத்துவிட்டுக் காத்திருந்து, கடன் விளம்பரங்கள் வந்ததுதான் மிச்சம் என்று ஒருவர் மறுவாரம் வந்து புலம்பினார்.

இனி, போன் வேறொருவர் கையில். ஒரு அம்மா வருவார், கணக்கு துபாயில் இருக்கும் மகன் நம்பரில். ஊரில் இருந்தபோது அவன்தான் சாமான் வாங்கிப் போட்டவன். வாட்ஸ்ஆப்பில் அழைப்பார், அவன் வேலையில் இருப்பான், எடுக்க மாட்டான். எடுத்தாலும் இந்திய சிம்முக்கு அங்கே ரோமிங் இல்லாவிட்டால் ஓடிபியே போகாது. போனவருடம் அந்த அம்மா முறுக்கு மாவையும் நல்லெண்ணெய் டின்னையும் கவுன்டரில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "தம்பி, அவன் அடிச்சிருவான், இருப்பா" என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டே இருந்தார். மகன் கடைசியில் கூப்பிட்டது, நாங்கள் ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு. இதற்குத் தீர்வு ஆஃபர் நாளில் இல்லை. மகன் ஊருக்கு வரும்போது, அல்லது ரோமிங் போட்ட ஒரு நாளில், கணக்கின் நம்பரை அம்மாவின் நம்பருக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றவும் பழைய நம்பருக்கு ஓடிபி போகும் என்பதை மறக்காதீர்கள்.

இதெல்லாம் பார்த்தும் வரவில்லை, பக்கத்துக் கவுன்டரிலும் யாருக்கும் வரவில்லை என்றால் கோளாறு உங்களிடம் இல்லை. மாலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் எல்லாக் கிளையும் ஒரே சர்வரைப் பிடித்து இழுக்கும். கவுன்டர் மாறுவதால் பயன் இல்லை. முடிந்தால் காலையில் வாருங்கள். ஆஃபரின் கடைசி நாள் என்றால் சூப்பர்வைசரிடம் சொல்லி, சர்வர் வேலை செய்யவில்லை என்பதை நேரத்தோடு எழுதி வாங்குங்கள். பிறகு புகார் கொடுக்க அந்தத் துண்டுச்சீட்டு உதவும்.

## ஓடிபியும் போட்டாயிற்று, "கழிக்க இயலாது" என்று வருகிறது

குறைந்தபட்சம் எட்டவில்லையா என்று பாருங்கள். 200 பாயின்ட் சேர்ந்தால்தான் கழியும், அதுவும் ஐம்பதின் மடங்கில்தான் என்று விதி இருக்கலாம். அப்படியானால் 437 வைத்திருப்பவருக்கு 400தான் கழியும், 37 கணக்கிலேயே நிற்கும். முழுதாகக் கழிக்கச் சொல்லி நின்றால் திரை மறுத்துக்கொண்டேதான் இருக்கும்.

இன்று சேர்ந்த பாயின்ட்டை இன்றே கழிக்க முடியாமல் இருக்கலாம். ரிட்டர்ன் வரக்கூடும் என்பதால் புது பாயின்ட்டைச் சில நாள் நிறுத்திவைப்பார்கள். ஆப்பில் "மொத்தம்" என்று ஒரு எண்ணும் "பயன்படுத்தலாம்" என்று ஒரு எண்ணும் இருந்தால் இரண்டாவதைப் பாருங்கள்.

அடுத்தது பில்லின் குறைந்தபட்சத் தொகை. இங்கேதான் சண்டையே வருகிறது. பேனரில் "1,500 ரூபாய்க்கு மேல் வாங்கினால்" என்றிருக்கும். பில் 1,860 வந்திருக்கும், ஆனாலும் கழியாது. பேனரின் அடியில் நட்சத்திரக் குறி போட்டுப் பொடி எழுத்தில் விலக்குப் பட்டியல் இருக்கும்: எண்ணெய், சர்க்கரை, குழந்தைப் பால் பவுடர், கிஃப்ட் கார்டு. அந்த 1,860இல் எண்ணெயும் சர்க்கரையும் பால் பவுடரும் சேர்ந்து 650 என்றால், கணக்கில் எடுப்பது 1,210தான். இன்னும் 290க்குச் சாமான் வேண்டும். எப்படியும் வாங்கப்போகிற பருப்பு, சோப்பு, துணி சோப்புத் தூள் என்று ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள். வேண்டாத ஒன்றை 290 கொடுத்து வாங்குவதற்கு முன் எத்தனை ரூபாய் கழியும் என்று பாருங்கள். 200 பாயின்ட் வைத்திருப்பவருக்கு ஆஃபரில் கூடுதலாகக் கிடைப்பது 200 ரூபாய்தான், அதற்கு 290 செலவு.

எண்ணெய், சர்க்கரை விலக்கு கடையின் முடிவு, லாபம் குறைவான சாமான்கள். பால் பவுடர் அப்படி இல்லை. தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்களை எந்தச் சலுகையாலும் ஊக்கப்படுத்தக் கூடாது என்று 1992ஆம் ஆண்டு சட்டமே இருக்கிறது. அதில் கேஷியரோடு வாதாட வேண்டாம்.

வேறு கூப்பன் ஏற்கெனவே பில்லில் ஏறியிருந்தாலும் பாயின்ட் மறுக்கும். இரண்டில் ஒன்றுதான். எது லாபம் என்று கேஷியரைக் கேட்டால் இரண்டையும் போட்டுக் காட்டுவார். பணம் கட்டும் முன்பு வரை மாற்றிக்கொள்ளலாம்.

## இருமடங்கு என்றார்கள், ஒரு மடங்குதான் கழிந்தது

முதலில் பேனரை மறுபடி படியுங்கள், நிதானமாக. "இருமடங்கு பாயின்ட்" வேறு, "பாயின்ட்டுக்கு இருமடங்கு மதிப்பு" வேறு. முதலாவது, இன்று வாங்கும் சாமானுக்கு இரட்டிப்புப் பாயின்ட் சேரும் என்பது. இரண்டாவதுதான் சேர்த்ததைக் கழிக்கும்போது இரட்டிப்பு. எழுதுகிறவர்கள் கொஞ்சம் தெளிவாக எழுதலாம்தான். எங்கள் வாசல் பேனரை வைத்து நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

உச்சவரம்பு அடுத்தது. ஒரு கணக்குக்கு 500 பாயின்ட் வரைதான் இரட்டிப்பு என்றால், 640 வைத்திருப்பவர் 1,280 எதிர்பார்த்து வந்திருப்பார், கிடைப்பது ஆயிரம். மீதி 140 கணக்கில் நிற்கிறதா, சாதாரண மதிப்பில் கழிந்துவிட்டதா என்று கட்டாயம் பாருங்கள். சாதாரண மதிப்பில் போவதாக இருந்தால், 500 மட்டும் கழிக்கச் சொல்லிவிட்டு மீதியை அடுத்த ஆஃபருக்கு வைத்துக்கொள்ளலாம். கேஷியர் தானாகக் கேட்க மாட்டார், "எவ்வளவு இருக்கோ அவ்வளவும்" என்றுதான் அழுத்துவார்.

நேரமும் காரணமாகலாம். காலை பதினொன்றிலிருந்து மாலை நான்குவரை மட்டும் என்ற ஆஃபரில், 3.50க்கு வரிசையில் நின்று 4.05க்குப் பில் போட்டால் கணினி உங்கள் காத்திருப்பைக் கணக்கில் எடுக்காது. பில்லில் அச்சாகும் நேரம்தான் செல்லும். வரிசை நீளமாக இருந்தால் மூன்றரைக்கே சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். சில சமயம் தனிக் கவுன்டர் திறந்துவிடுவார்கள்.

இரட்டிப்புத் தொகையைப் பில்லில் கழிக்காமல் அடுத்த தடவைக்கு வவுச்சராகக் கொடுப்பதும் உண்டு. வவுச்சருக்கும் காலக்கெடு உண்டு, பெரும்பாலும் குறுகியது. வாங்கியவுடன் தேதியைப் பாருங்கள்.

நாலும் சரியாக இருந்தும் ஒரு மடங்குதான் கழிந்ததென்றால், அந்தக் கவுன்டரில் ஆஃபர் ஏறவில்லை. ஆஃபரின் முதல் நாள் காலையில் இது நடக்கும். இரவில் எல்லாக் கவுன்டருக்கும் புது விலையும் ஆஃபரும் போகும், ஏதாவது ஒரு மெஷின் அணைந்திருந்தால் அதற்குப் போயிருக்காது. இது கடையின் தவறு. பில்லை ரிட்டர்ன் போட்டு வேறு கவுன்டரில் போடச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

## பாயின்ட் கழிந்துவிட்டது, பில் தொகை குறையவில்லை

பதறாதீர்கள், பில்லின் அடிப்பகுதியைப் பாருங்கள். பல மெஷின்கள் பாயின்ட்டைத் தள்ளுபடியாகக் காட்டாமல் பணம் செலுத்திய வகையாகக் காட்டும். மொத்தம் 2,340 என்று மேலே பெரிதாக இருக்கும். கீழே "பாயின்ட் 400, யுபிஐ 1,940" என்று பிரித்திருக்கும். உங்கள் வங்கியிலிருந்து 1,940தான் போயிருக்கும்.

வங்கியிலிருந்து 2,340 முழுதும் போயிருந்து, பாயின்ட் கழிந்த எஸ்எம்எஸ்ஸும் வந்திருந்தால், நடுவில் இணைப்பு அறுந்திருக்கிறது. கடையை விட்டு வெளியே போகாதீர்கள். அன்றே, அந்தக் கிளையிலேயே, பில் எண்ணையும் எஸ்எம்எஸ்ஸையும் காட்டினால் சூப்பர்வைசர் பாயின்ட்டைத் திரும்ப ஏற்றுவார். மறுநாள் வந்தால் முந்தின நாள் கணக்கு முடிந்திருக்கும், தலைமை அலுவலகம் வழியாகத்தான் சரியாகும்.

## போன மாதம் இருந்த பாயின்ட்டைக் காணோம்

காலாவதி முதல் சந்தேகம். வாங்கிய தேதியிலிருந்து ஒரு வருடம் என்பது பரவலான வழக்கம். பண்டிகைக்குப் போனஸாகக் கொடுத்த பாயின்ட்டுக்கு அதைவிடக் குறைந்த ஆயுள். காலாவதியானதைத் திரும்ப ஏற்ற கிளையில் யாருக்கும் அதிகாரம் இல்லை.

ரிட்டர்ன் கொடுத்தீர்களா? மிக்ஸியைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கு ஏறிய பாயின்ட்டும் இறங்கும்.

வீட்டில் வேறு யாராவது கழித்தார்களா என்று கேளுங்கள். தயவுசெய்து இதைக் கடையில் வைத்துக் கேட்காதீர்கள். கணக்குப் பட்டியலை எடுத்துக் காட்டி, "ஆகஸ்ட் 14, மாலை, பால்கோவாவும் சிப்ஸும்" என்று நான் வாசிக்க, பக்கத்தில் நின்ற பையன் முகம் போன போக்கைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் யாருமில்லை, ஓடிபியும் யாருக்கும் சொல்லவில்லை, ஆனாலும் கழிந்திருக்கிறது என்றால் எந்தக் கிளை, எந்த நேரம், எந்தக் கவுன்டர் என்று எழுதி வாங்குங்கள். உங்கள் பாயின்ட்டை வேறொருவர் பில்லில் கழித்திருக்கலாம். உதவி மேசையோடு விடாமல் மேலாளரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டிய விஷயம் இது.

## கழித்து வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்

பணமாகக் கட்டியது பணமாகவோ, அடுத்த முறை அதே தொகைக்குச் சாமான் வாங்கிக்கொள்ளும் கடன் சீட்டாகவோ வரும், பாயின்ட் பாயின்ட்டாக வரும். சிக்கல் என்னவென்றால், ஆஃபரில் 800 ரூபாயாகக் கழிந்த 400 பாயின்ட், ஆஃபர் முடிந்தபின் திரும்பினால் 400 ரூபாய்தான் பெறும். ஆஃபர் முடிவதற்குள் கொண்டுபோங்கள், அல்லது அதே விலைக்கு மாற்றுப் பொருள் கேளுங்கள்.

## "உங்கள் பாயின்ட் இன்றிரவு காலாவதி" என்று லிங்க் வருகிறது

தொடாதீர்கள். கடைகள் ஆஃபர் போடும் வாரத்தில்தான் இதுவும் வரும், அதனால் நம்பும்படி இருக்கும். பத்து இலக்க நம்பரிலிருந்து வந்தால் பொய். நிறுவனங்களின் எஸ்எம்எஸ் எழுத்துப் பெயரில் வரும், 2025 முதல் அதன் கடைசியில் விளம்பரம் என்றால் பி (P), சேவை என்றால் எஸ் (S) என்ற ஆங்கில எழுத்தும் சேர்ந்திருக்கும். வாட்ஸ்ஆப்பில் ஆப் கோப்பு அனுப்பி நிறுவச் சொன்னால் நிச்சயம் பொய். பாயின்ட் கழிக்க கார்டு எண்ணோ யுபிஐ பின்னோ எந்தக் கடையும் கேட்பதில்லை. ஓடிபியைக் கவுன்டரில் உங்கள் கண்முன் நிற்கும் கேஷியரிடம் மட்டும் சொல்லுங்கள், போனில் யாரிடமும் வேண்டாம்.

பணம் போய்விட்டதா? கடைக்கு ஓடி வராதீர்கள், அங்கே எங்களால் ஆவது ஒன்றுமில்லை. உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள், வங்கியிலும் சொல்லிக் கணக்கை நிறுத்துங்கள். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பணம் இன்னொரு கணக்குக்கு நகரும்.

## எப்போது மேலே போக வேண்டும்

கேஷியரால் முடியாததைச் சூப்பர்வைசர் செய்வார்: ரிட்டர்ன், பாயின்ட் திரும்ப ஏற்றுவது, கவுன்டர் மாற்றிப் பில் போடுவது. நம்பர் மாற்றம், கைமாறிய நம்பர், அடுத்தவர் கழித்த பாயின்ட் ஆகியவை தலைமை அலுவலகத்தின் வாடிக்கையாளர் சேவைக்குத்தான் போகும். போனில் பேசினால் புகார் எண் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத புகார் எங்கள் திரையில் வராது.

பேனரில் எழுதிய சலுகையைக் கொடுக்கவே மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அவர்கள் கடையின் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்பார்கள். நான் பார்த்த அளவில், அந்தக் கடிதம் வந்ததும் தலைமை அலுவலகம் நூறு இருநூறு பாயின்ட்டுக்காக இழுத்தடிப்பதில்லை. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். முந்நூறு ரூபாய்க்கு அவ்வளவு அலைய வேண்டுமா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

எங்கே போனாலும் மூன்று கேட்பார்கள்: பில், பாயின்ட் கழிந்த எஸ்எம்எஸ், ஆஃபர் பேனரின் படம். பேனரை ஆஃபர் முடிந்த மறுநாள் காலையில் கழற்றிவிடுவோம், அதனால் உள்ளே நுழையும்போதே பொடி எழுத்து தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லையும் அன்றே படம் எடுங்கள். அந்தத் தாளை வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் கொஞ்ச நாளில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும்.